திரையில் காணாத தங்கவயல்

சென்ற விடுமுறையில் பேரன் ஒரு கேள்வி கேட்டான். "தாத்தா, நீங்க மைன்ல இருந்தப்போ கருடனைப் பார்த்திருக்கீங்களா?" எனக்கு முதலில் விளங்கவில்லை. அவன் கேட்டது 'கே.ஜி.எஃப்.' படத்து வில்லனைப் பற்றி என்று பிறகுதான் தெரிந்தது. "இல்லடா கண்ணு, நான் பார்த்ததெல்லாம் ஷிப்ட் பாஸைத்தான்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. எனக்கும் மனசு சங்கடப்பட்டது. வெளியூர்களில் வளரும் நம் பிள்ளைகள் இன்று கோலார் தங்கவயலைச் சினிமாவில்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே அந்தப் படங்கள் எதைச் சொல்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று எடை போட்டுப் பார்ப்பது நம் கடமையாகிறது.

பிரசாந்த் நீல் இயக்கிய 'கே.ஜி.எஃப்.' 2018இலும், அதன் இரண்டாம் பாகம் 2022இலும் வெளிவந்தன. கதைப்படி 1951இல் தங்கம் கண்டுபிடிக்கப்படுகிறது. சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்று பொய் சொல்லி, ஊர் உலகத்துக்குத் தெரியாமல் அடிமைகளை வைத்துத் தோண்டுகிறார்கள். அவர்களை மீட்க வெளியிலிருந்து ஒரு வீரன் வருகிறான். இது கற்பனைக் கதை, நராச்சி நம் ஊர் அல்ல என்று சொல்லலாம். சரி. ஆனால் பெயர் நம் ஊரின் பெயர். படம் பிடித்ததும் நம் சயனைடு மேடுகளில்தான். காற்றடித்தால் சோற்றுத் தட்டு வரை வந்து விழும் அந்தத் தூசியைத் தின்றவர்களுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு.

உண்மையில் 1951இல் தங்கவயல் எப்படி இருந்தது? ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880இல் கால்வைத்து எழுபது ஆண்டுகள் கடந்திருந்தன. பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இலேயே ரயில் வந்துவிட்டது. சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே தொழிற்சங்கம் இருந்தது. கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, "நாங்க என்ன திருடங்களா?" என்று 1930இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த ஊர் அது. 1946 நவம்பர் 4ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்களைப் பலிகொடுத்த ஊர் அது. அடிமைகளுக்கு வெளியிலிருந்து ஒரு வீரன் வந்தால்தான் விமோசனம். நம் தொழிலாளி தனக்குத் தானே சங்கம் கட்டிக்கொண்டவன். படம் செய்த பெரிய பிழை வருஷத்தை மாற்றியது அல்ல. இந்த மனிதனை வாயில்லாப் பூச்சியாகக் காட்டியதே என்பது என் கருத்து.

2024இல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. வட ஆற்காட்டுக் கிராமத்தில் விளைச்சலையும் நிலத்தையும் பறிகொடுத்த ஒடுக்கப்பட்ட மக்கள், வெள்ளைக்காரன் பேச்சை நம்பித் தங்கம் தேடிப் போகிறார்கள். நம் முன்னோர் பொன்னாசையால் போகவில்லை, மண் இல்லாததால் போனார்கள் என்று பெரிய திரையில் துணிந்து சொன்னதற்காக அந்தப் படத்துக்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். பௌத்தத்தையும் அது நினைவூட்டுகிறது.

ஆனால் இங்கேயும் எனக்கு ஒரு மனக்குறை. படத்தில் பௌத்தம் மாயமும் கனவுமாக, பழைய ராஜா காலத்துக் கதையாக வருகிறது. தங்கவயலில் அது அச்சுக்கூடமாகவும் வாசகசாலையாகவும் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்த பிறகு 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து வந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. பகலெல்லாம் பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் பத்திரிகை படிக்கக் கேட்டார்கள் என்பது எந்த மாயக் காட்சிக்கும் குறைந்ததா? 'தங்கலான்' முடியும் இடத்தில்தான் நம் ஊரே தொடங்குகிறது.

இரண்டு படங்களிலும் தங்கம் உண்டு, ஊர் இல்லை. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உறங்கிய லைன் வீடுகள் இல்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கிய ராபர்ட்சன்பேட்டை இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் இல்லை. ராக் பர்ஸ்ட் என்று பூமி குலுங்கினால், "எந்த சாஃப்டு? யாரு உள்ளே?" என்று வாசலுக்கு ஓடிவந்த பெண்கள் இல்லை. நுரையீரலில் கல்தூசியோடு ஓய்வுபெற்று இருமி இருமிச் செத்தவர்கள் இல்லை. 1965இல் அதே சுரங்கத்தில் பூமிக்கடியில் விஞ்ஞானிகள் நியூட்ரினோவைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்ற கதையும் இல்லை.

2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு நடந்ததும் எந்தப் படத்திலும் இல்லை. சுரங்கத்துக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள், இரவு திரும்புகிறார்கள். அப்பா கீழே போய் வந்தார், மகன் தூரம் போய் வருகிறான். சூரியனைப் பார்க்காத வாழ்க்கை மட்டும் மாறவில்லை. கழிவு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024இல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் தந்தது. மண்ணில் மிச்சமிருப்பதற்குக் கணக்கு இருக்கிறது. மனிதர்களுக்கு யார் கணக்கு எழுதுவது?

சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'கே.ஜி.எஃப்.' படத்தின் கதையே ஒரு பத்திரிகையாளர் எழுதிய புத்தகத்திலிருந்துதான் விரிகிறது. நம்மில் அப்படி எழுதியவர்கள் சிலர். எழுதியதைப் படித்தவர்கள் அதைவிடச் சிலர். நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் கருடன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

அன்று இரவு பேரனிடம் என் பழைய டோக்கனை எடுத்துக் காட்டினேன். "இது எதுக்குத் தாத்தா?" என்றான். "கீழே போறப்போ கொடுத்துட்டுப் போவோம், மேலே வந்தா திரும்ப வாங்கிப்போம்."

"வாங்காம விட்டா?"

"வரலைன்னு அர்த்தம்."

அதன்பிறகு அவன் கருடனைப் பற்றிக் கேட்கவில்லை. விடுமுறை முடியும்வரை தினமும் ஒரு கேள்வி கேட்டான். உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு டோக்கனோ சம்பளச் சீட்டோ கிடக்கும். தயவுசெய்து எடுத்துக் காட்டுங்கள்.