பேரரசரின் கண்ணும் வேட்டைக் கணக்கும்

முகலாயப் பேரரசர்களின் தன்வரலாறுகளை நம்மவர் பெரும்பாலும் பெருமிதத்தோடு மட்டுமே வாசித்து வந்திருக்கிறோம். பாபர் நாமாவின் உரைநடை அழகையும் ஜஹாங்கீர் நாமாவின் நுண்ணோக்கையும் மெச்சிவிட்டு நூலை மூடிவிடுகிறோம். அந்நூல்கள் இந்திய நாட்டு விலங்குகளின் வரலாற்றுக்கும் முதன்மைச் சான்றுகள் என்பதை 1927-28 ஆம் ஆண்டுகளில் தொடர் கட்டுரைகள் வாயிலாக விரிவாக எடுத்துக்காட்டியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. அவ்வழியில் நின்று அவற்றை மறுவாசிப்புச் செய்வது இன்று நம் கடமையாகிறது.

பெஷாவர், ஹஷ்நகர் காடுகளில் காண்டாமிருகங்கள் மிகுதி என்று பாபர் எழுதுகிறார். கல்பி நாட்டெல்லையிலிருந்து கிழக்கே காட்டு யானைகள் உண்டு என்கிறார். இன்று சிந்து நதிக்கரையில் காண்டாமிருகம் இல்லை. கல்பியில் காட்டு யானையும் இல்லை. பாபர் வருணனைக்காக எழுதிய வரிகள், ஐந்து நூற்றாண்டுகள் கடந்த நிலையில், நாம் இழந்தவற்றின் பட்டியலாக மாறிவிட்டன.

ஜஹாங்கீரின் நூலோ நம்மை மேலும் சங்கடத்துக்குள்ளாக்குகிறது. லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு வளர்த்த சாரஸ் கொக்கு இணை மாறிமாறி அடைகாத்ததை அவர் நாள் கணக்கோடு குறித்து வைத்தார். அரிய பறவைகளையும் விலங்குகளையும் ஓவியர் மன்ஸூரைக் கொண்டு வரைவித்தார். அதே நூலில் மற்றொரு கணக்கும் உண்டு. பன்னிரண்டாம் வயது தொடங்கி ஏறத்தாழ ஐம்பதாம் வயது வரை தம் முன்னிலையில் வேட்டையாடப்பட்ட உயிர்கள் 28,532 என்றும், அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 என்றும் எழுதுகிறார். கொக்கின் அடைகாப்பைக் குறித்த அதே நிதானமான நடையே இங்கும் காணப்படுகிறது. உற்று நோக்கும் கண்ணும் கொல்லும் கையும் ஒரே மனிதருக்கு உரியவை என்பதை நூல் மறைக்கவில்லை. மறைப்பது நம் வாசிப்பே.

சிவிங்கிப்புலியின் கதை இதனை இன்னும் தெளிவாக்குகிறது. அக்பர் ஆயிரம் சிவிங்கிப்புலிகள் வரை திரட்டியும் அவை இணை சேரவில்லை என்றும், தம் காலத்தில் ஒரே ஒரு முறை ஒரு பெண்விலங்கு மூன்று குட்டிகளை ஈன்றது என்றும் ஜஹாங்கீர் பதிவு செய்கிறார். வளர்ப்பில் பெருகாத விலங்கு ஆதலால், வேட்டைக்குப் பழக்க வேண்டிய ஒவ்வொன்றும் காட்டிலிருந்தே பிடிக்கப்பட வேண்டியிருந்தது. அரண்மனையின் விருப்பம் புல்வெளியின் இனப்பெருக்கத்தையே கவர்ந்து சென்றது.

எனினும் இப்பழியை முகலாயர் மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. துப்பாக்கியும், கொன்ற விலங்குக்குப் பரிசளித்த பிரிட்டிஷ் ஆட்சியும், புல்வெளிகளை விளைநிலங்களாக்கிய விரிவாக்கமும் சேர்ந்தே அழிவை முடித்து வைத்தன. 1947 இல் கோரியா சமஸ்தானத்தில் சுடப்பட்ட மூன்று சிவிங்கிப்புலிகளே நாட்டில் உறுதியாக அறியப்பட்ட கடைசி விலங்குகள் என்பர். 1952 இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. மன்ஸூர் வரைந்த சைபீரியக் கொக்கும் 2001-02 குளிர்காலத்துக்குப் பின் பரத்பூருக்கு வருவதை நிறுத்திவிட்டது.

2022 இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் குனோவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவை ஆப்பிரிக்கக் கிளையினம். அக்பர் அறிந்த ஆசியக் கிளையினம் ஈரானில் மட்டுமே, அதுவும் மிகச் சிலவாக எஞ்சியுள்ளது. இழந்ததற்கு ஈடு செய்யலாம். இழந்ததையே மீட்பது அரிது.

நம் முன்னோரின் நூல்களைப் போற்றுவது வேறு. அவற்றை முழுமையாக வாசிப்பது வேறு. ஜஹாங்கீர் தம் வேட்டைக் கணக்கை ஒளிக்காமல் எழுதி வைத்தார். அந்த அளவு நேர்மையேனும் அவருடைய வாசகர்களாகிய நம்மிடம் இருத்தல் வேண்டும்.