சங்க இலக்கிய மின்தேடலும் எண்ணிக்கைச் சான்றும்

சங்க இலக்கியம் குறித்த அண்மைக்கால ஆய்வேடுகளில் ‘இச்சொல் இத்தனை இடங்களில் பயின்று வந்துள்ளது’ என்னும் கூற்று பெருகியுள்ளது. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்றவற்றின் மின்பனுவல்களில் தேடிப் பெற்ற எண்ணே பெரும்பாலும் அதற்குச் சான்றாகிறது. அத்தேடல் எதனை எண்ணியது, எதனை விட்டது என்னும் வினா எழுப்பப்படுவது அரிது.

‘கடல்’ என்னும் சொல்லைக் கொள்வோம். கணினி தேடுவது சொல்லை அன்று, குறியீட்டு வரிசையை. ‘கடலோதம்’ என வருமிடத்தில் லகரத்தின் புள்ளி நீங்கி உயிர்க்குறி ஏறிவிடுவதால் பல தேடுகருவிகள் அதனைக் காண்பதில்லை. புள்ளியின்றி ‘கடல’ எனத் தேடின் இக்குறை பெரிதும் தீரும். ஆயினும் வல்லினம் வரின் ‘கடற்கரை’ எனவும் மெல்லினம் வரின் ‘கடன்முத்து’ எனவும் திரியும் இடங்கள் எஞ்சும். ‘கடற்’ என்று தேடினாலோ, பாலைவழியைக் குறிக்கும் ‘கடறு’ என்பதன் ‘கடற்று’ வடிவமும் உடன்வரும். ‘கடன்’ என்று தேடினால் கடமைப் பொருட்சொல்லும் கலக்கும். இவற்றைப் பிரித்தறிய ஒவ்வோர் அடியையும் படித்தே ஆகவேண்டும். தேடலால் மிச்சமாகும் உழைப்பு நினைப்பதைவிடக் குறைவு.

பதிப்பும் இங்குக் குறுக்கிடுகிறது. மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்து அச்சிடப்பட்டவை. அம்முறையைத் தழுவிய மின்பனுவலும் சந்தி பிரிக்காத மின்பனுவலும் ஒரே தேடலுக்கு இருவேறு எண் தரும். எப்பனுவல் என்று சுட்டாத எண்ணிக்கையைப் பிறர் சரிபார்க்க இயலாது.

எண்ணிக்கைப் பிழையேனும் ஓரளவு பொறுக்கத்தக்கது. ‘இச்சொல் சங்க நூல்களில் இல்லை’ என்னும் முடிவு அத்தகையதன்று. நூல்களின் காலமுறை பற்றிய வாதங்கள் அதன்மேல் எழுப்பப்படுகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சொல்லடைவு, தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோரின் சொல்லடைவு ஆகியன சொல்லைச் சொல்லாக அறிந்து தொகுத்தவை. இன்மையை நிறுவ முற்படுவோர் இவற்றோடு ஒப்பிடாது மேற்செல்வது முறையன்று. அவ்வடைவுகளும் பதிப்பு வழிப்பட்டவையே. ஆனால் தாம் கொண்ட பகுப்பைக் கண்முன் வைக்கின்றன.

பாடவேறுபாடுகளின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. உ.வே.சாமிநாதையர் அடிக்குறிப்பில் காட்டிய பாடங்கள் பொதுவான மின்பனுவல்களில் இடம்பெறுவது அரிது. அங்கு மட்டுமே நிற்கும் ஒரு சொல், எத்துணை நுட்பமாகத் தேடினும் அகப்படாது.