கமலவல்லி எப்படி மிஸ் ஆனாள்?

எங்க மயிலாடும்பாறைப் பக்கம் மதுரை வீரன்னா ரெண்டு பேர். ஒருத்தர் பொம்மி, வெள்ளையம்மாளோடு நிற்கிற சாமி. இன்னொருத்தர் 1956 படத்து எம்.ஜி.ஆர். 1984-ல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் இருந்தபடியே எங்க ஆண்டிபட்டித் தொகுதியில் ஜெயித்தவர் வேறு. அவரை மீறி இன்னொரு மதுரை வீரனை இங்கே யாரும் யோசிப்பதில்லை.

அவருக்கு முன்பே, 1930களின் கடைசியில், அதே கதையைப் படமாக்கிய டைரக்டர் ஒரு பெண். டி.பி. ராஜலட்சுமி. 1911-ல் பிறந்து, நாடகக் கம்பெனியில் வளர்ந்து, மௌனப் படங்களில் நடித்து, 1931-ல் ‘காளிதாஸ்’ வழியாகத் தமிழின் முதல் பேசும்பட நாயகி ஆனவர். அவரைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த ‘முதல்’லேயே நின்றுவிடுகின்றன. ‘காளிதாஸ்’ எச்.எம். ரெட்டியின் படம். நாயகி தமிழில் கேட்க, எதிரே தெலுங்கில் பதில் வரும். அதில் அவர் கூப்பிட்டு நடிக்க வைக்கப்பட்டவர், அவ்வளவுதான்.

அவரே முடிவெடுத்த படம் 1936-ன் ‘மிஸ் கமலா’. கதை அவர் எழுதிய ‘கமலவல்லி’ நாவல். திரைக்கதை, இயக்கம், நாயகி எல்லாமே அவர்தான். அதே வருஷம் எல்லிஸ் ஆர். டங்கனின் ‘சதி லீலாவதி’யும் வந்தது. அதுவும் நாவல்தான், எஸ்.எஸ். வாசன் எழுதியது. குடித்துச் சீரழிகிற புருஷன், காத்திருக்கிற பெண்டாட்டி. அந்தப் படம் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், சின்ன வேஷத்தில் அறிமுகமான எம்.ஜி.ஆர். ராஜலட்சுமிக்கு ரெண்டு பக்கமும் அவரே வந்து நிற்கிறார், பாருங்க!

ரெண்டு தலைப்பையும் பக்கத்தில் வையுங்கள். ‘சதி’ என்றால் பத்தினி. லீலாவதி யாரென்று சொல்லவே ஒரு புருஷன் வேண்டியிருக்கிறது. ராஜலட்சுமியோ தன் நாவலின் பேரிலிருந்து ‘வல்லி’யை வெட்டிவிட்டு முன்னால் ‘மிஸ்’ போட்டார். தலைப்பை வைத்துப் படத்தை எடை போடலாமா? கூடாதுதான். ஆனால் ‘மிஸ் கமலா’வின் பிரதி இன்றில்லை. மிச்சமிருப்பதில் அவர் கைபட்டது என்று அடித்துச் சொல்ல முடிகிற ஒரு வெட்டு இது.

அது காவியம் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் காலப் படங்கள் பாதி மேடை நாடகம், பாதி கச்சேரி. இதுவும் சுமாராகவே இருந்திருக்கலாம். ஆனால் சுமாரான படமெடுத்த ஆம்பளையைச் சினிமா வரலாறு டைரக்டர் என்றே எழுதும். 1964-ல் இறந்துபோன இவரை இன்னமும் நாயகி என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அவருடைய மதுரை வீரனில் பொம்மியும் வெள்ளையம்மாளும் என்ன பேசினார்கள் என்று கேட்க எனக்கு ரொம்ப ஆசை.