சீருடைப் பெண்கள்: கிழிந்த உள்சட்டையின் கதை

ஆசிரியர் – மாணவர் எல்லை மயங்கும் படங்களில் மூத்தவற்றுள் ஒன்று, 1931இல் ஜெர்மனியில் லியொன்டீன் சாகன் இயக்கிய 'சீருடையில் பெண்கள்'. வளாகத்தில் படிக்கும் மருமகன் கொண்டுவந்து தர, திருநெல்வேலி வீட்டில் இருமுறை பார்த்தேன். திரையில் ஓர் ஆண் முகம்கூட இல்லை.

தாயில்லாப் பிள்ளை மானுவேலாவுக்கு வயது 14. பொட்ஸ்டாமில், இராணுவ அதிகாரிகளின் மகள்மார் தங்கிப் படிக்கும் பள்ளியில் விடப்படுகிறாள். பசியும் கட்டுப்பாடும்தான் பிள்ளைகளை ஆளாக்கும் என்பது தலைமை ஆசிரியையின் கொள்கை. அந்த வரண்ட இடத்தில் ஃபொன் பெர்ன்பூர்க் என்ற ஆசிரியை மட்டும், இரவு விளக்கணைக்க முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் நெற்றியில் முத்தமிடுகிறார். மானுவேலாவுக்கு உதட்டில். பிறகு, அவளுடைய உள்சட்டை கிழிந்திருப்பதைக் கண்டு தன்னுடையதையே கொடுக்கிறார்.

பெண்ணுக்குப் பெண் கொண்ட காதல் என்று மட்டுமே இதைப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கோ கண் அந்தச் சட்டையிலேயே நின்றுவிட்டது. கொடுத்ததில் என்ன பிழை? கிழிசலைக் கண்டும் காணாமல் போகிறவர் ஆசிரியரா? ஆனால் பள்ளிக்கூடத்து அலுமாரியிலிருந்து வரவேண்டியது ரீச்சரின் அலுமாரியிலிருந்து வந்தால், பிள்ளைக்கு அது வெறும் உடுப்பாக இருப்பதில்லை. நாடகம் முடிந்த இரவில், பானத்தில் கலந்த மதுவின் மயக்கத்தில், எல்லோர் முன்னும் அந்தச் சட்டையைச் சொல்லிவிடுகிறாள். அப்புறம் தனி அறை, மாடிப்படி, சாவின் விளிம்பு. தோழிகள்தான் காப்பாற்றுகிறார்கள்.

பழி முழுவதையும் படம் தலைமை ஆசிரியையின் தலையில் கட்டுகிறது. ரீச்சர் நல்லவராகவே எஞ்சுகிறார். இதுதான் எனக்குள்ள குறை. பசி தலைமையின் வேலை, சரி. உதட்டு முத்தம் யாருடைய வேலை? அந்த அறையில் வளர்ந்தவர் அவர் ஒருவர்தானே?

மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) படத்திலும் மூன்று பையன்கள் தங்கள் ரீச்சரில் மயங்குகிறார்கள். ஆனால் பொழுதுபட்டால் அவர்களுக்குப் போக வீடு இருக்கிறது. தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாசல் இல்லை.

நம் மத்ரஸா விடுதிகளை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. பத்து வயதில் ஹிப்ழுக்கு விடப்படும் பிள்ளைக்கு உஸ்தாதே வாப்பா, உம்மா, காழி எல்லாம். அன்பான உஸ்தாத் வாய்த்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லித் திரும்பிவிடுகிறோம். அந்த அன்பு எந்த அறையில், எந்த நேரத்தில் என்று கேட்டால், சந்தேகப்படுகிறார் என்பார்கள். பிள்ளை அமானிதம் என்றால் கேட்கத்தானே வேண்டும்? சட்டை கிழிந்தால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும் என்று சேர்க்கிற அன்றே கேளுங்கோ. உம்மாவோடு போனில் தனியாகப் பேச விடுவீர்களா என்றும் கேளுங்கோ.