சிறு ராக்கெட்டும் வடசென்னைக் காற்றும்

பொழுதுபோக்கு ராக்கெட் கலையில் இரண்டு திறமைகள் உண்டு. அட்டைக்குழாயை வெட்டி, பால்சா மரத் துடுப்புகளை நேர்கோட்டில் ஒட்டி, மூக்குக் கூம்பைப் பொருத்தி, பாராசூட்டை மடித்து வைப்பது முதல் திறமை. வீட்டு மேசையில் பொறுமையாக உட்கார்ந்தால் அது கைவந்துவிடும். நாள் குறித்து, ஆட்களைக் கூட்டி, அனுமதி வாங்கி, திறந்தவெளியில் நின்று காற்றைப் படிப்பது இரண்டாவது. இந்தக் கலையின் நுட்பமான அழகெல்லாம் இரண்டாவதில்தான் இருக்கிறது. ஒரு ராக்கெட் கழகத்தின் தேர்ச்சியை அதன் ராக்கெட் எட்டிய உயரத்தைக் கொண்டு அளப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அன்றைய காற்றுக்கு ஏற்ற உயரத்தை அது தேர்ந்ததா, ராக்கெட் முழுசாகத் திரும்பி வந்ததா என்பவையே சரியான அளவுகோல்கள்.

சிறிய ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது. ஏவுகம்பியை விட்டு விலகிய நொடியிலிருந்து அதன் வாலில் உள்ள துடுப்புகளே அதை நேராக வைத்திருக்கின்றன. பக்கவாட்டில் காற்று அடித்தால் துடுப்புப் பகுதி தள்ளப்பட, மூக்கு காற்று வரும் திசையை நோக்கித் திரும்புகிறது. கம்பியை விடும்போது ராக்கெட்டின் வேகம் நொடிக்கு 15 மீட்டர், காற்றின் வேகம் நொடிக்கு 5 மீட்டர் என்றால், காற்று அதன் உடலைச் சுமார் 18 பாகைக் கோணத்தில் தாக்கும். காற்று 8 மீட்டராகக் கூடினால் கோணம் 28 பாகையாகிறது. அந்தச் சாய்வோடே ராக்கெட் வேகமெடுப்பதால், மேலே போக வேண்டிய உந்துவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் செலவாகிவிடுகிறது. துடுப்புகள் பெரிதாக இருந்தால் நிலைப்பு கூடும் என்று தொடக்கநிலைக்காரர்கள் நம்புவார்கள். ஆனால் அளவு மீறிப் பெரிதான துடுப்பு ராக்கெட்டை இன்னும் வேகமாகக் காற்றை நோக்கித் திருப்பிவிடும். நீளமான கம்பி, எடுத்த எடுப்பிலேயே வலுவாகத் தள்ளும் மோட்டார் இரண்டும் இதற்கு மருந்து. தரையை விட்ட வேகம் கூடக் கூடக் காற்றின் பிடி தளரும்.

ஏறும்போது காற்றை எதிர்த்துப் போகும் ராக்கெட், பாராசூட் விரிந்ததும் காற்றோடு போகத் தொடங்குகிறது. 300 மீட்டர் உயரத்தில் பாராசூட் விரிந்து நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கினால், தரைதொட ஒரு நிமிடம் ஆகும். காற்று நொடிக்கு 8 மீட்டர் என்றால் அந்த ஒரு நிமிடத்தில் ராக்கெட் ஏறத்தாழ 480 மீட்டர் தள்ளிப்போய் விழும். ஒரு பள்ளி மைதானத்தின் எல்லையைப் பலமுறை தாண்டும் தூரம் அது. கைதேர்ந்தவர்கள் இந்தக் கணக்கை மனத்திலேயே போட்டுவிட்டு, மூன்று வழிகளில் ஒன்றை எடுப்பார்கள். மோட்டாரைச் சிறிதாக்கி உயரத்தைப் பாதியாக்குவது ஒன்று. பாராசூட்டுக்குப் பதில் நீண்ட நாடாவைக் கட்டி வேகமாக இறக்குவது இன்னொன்று. ஏவுகம்பியை இரண்டு மூன்று பாகை காற்றை நோக்கிச் சாய்த்து, போகும் தூரத்தையும் திரும்பும் தூரத்தையும் ஒன்றோடொன்று கழித்துவிடுவது மூன்றாவது. மூன்றாவது வழியில் ஏவிய ராக்கெட் காற்றை எதிர்த்து ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, பாராசூட்டோடு மிதந்து வந்து கம்பியிலிருந்து இருபதடி தள்ளி இறங்குவதைப் போன்ற நிறைவு இந்தப் பொழுதுபோக்கில் வேறில்லை.

அமெரிக்காவில் காலணிக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல் 1954இல் முதல் மாதிரி ராக்கெட்டை உருவாக்கினார். 1957இல் அங்கே தேசிய ராக்கெட் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் பாதுகாப்பு விதிகளில் வானிலைக்கு முக்கிய இடமுண்டு. காற்று மணிக்கு சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டினால் ஏவக்கூடாது, மேகத்துக்குள் ஏவக்கூடாது, ஏவுகம்பி செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாயக்கூடாது. விதி இவ்வளவுதான் சொல்கிறது. 32 கிலோமீட்டருக்கும் சுழிக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியில் ஒவ்வொரு கழகமும் தன் அறிவைக் காட்ட வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ராக்கெட்டும் காற்றும் தொடக்கத்திலிருந்தே பிரிக்கமுடியாதவை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட்டான நைக்கி-அப்பாச்சி சுமந்து சென்றது சோடியம் ஆவி. மாலை மயங்கும் நேரத்தில் உயரே கக்கப்பட்ட அந்த ஆவி, தரையில் இருட்டிய பிறகும் சூரிய ஒளி பட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அது எப்படி நகர்ந்து கலைகிறது என்பதைப் பார்த்து மேல்வளிக் காற்றை அளப்பதே நோக்கம். தும்பாவின் முதல் ராக்கெட் காற்றைப் பார்க்கத்தான் போனது. அதன் வழியில் வந்த ரோகிணி ஆர்எச்-200, சுமார் 70 கிலோமீட்டர் உயரம் போய், செப்பு இழைகளைத் தூவி, அவற்றை ராடாரால் பின்தொடர்ந்து காற்றைக் கணக்கிட உதவியது. 1979ஆம் ஆண்டின் பன்னாட்டுப் பருவமழை ஆய்வில் அதற்குப் பங்குண்டு. 2022 நவம்பர் 23 அன்று தொடர்ச்சியான 200ஆவது வெற்றியை அது எட்டியது.

இவையும் வழிகாட்டிக் கருவி இல்லாத ராக்கெட்டுகளே. ஏவுவதற்கு முன்பு பலூன்களை விட்டு வெவ்வேறு உயரங்களின் காற்றை அளந்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு எடை கொடுத்து, ஏவுகருவியின் கோணத்தைத் திருத்துவார்கள். தரையை ஒட்டிய முதல் சில நூறு மீட்டருக்கே பெரும்பகுதி எடை விழும்; ராக்கெட் மெதுவாகப் போகும் பகுதி அதுதான். பொழுதுபோக்குக் கழகம் ஏவுகம்பியைச் சாய்ப்பதும் இதே கணக்கின் சிறிய வடிவம்.

வடசென்னையின் மணலி புதுநகரிலிருந்து நேர்வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. 1971 அக்டோபரில் ஆர்எச்-125 ராக்கெட்டோடு தொடங்கிய தளம் அது. மேகமில்லாத நாளில் வடசென்னை மொட்டை மாடிகளில் நின்றே பி.எஸ்.எல்.வி. ஏறுவதைப் பார்க்கலாம். வானிலை பெரிய ராக்கெட்டையும் விடுவதில்லை. சந்திரயான்-1 வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், முந்தைய நாட்களின் மழை மிரட்டலுக்கு நடுவே, 2008 அக்டோபர் 22 காலையில் புறப்பட்டது. ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை ஊர்தி 2023 அக்டோபர் 21 அன்று காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டியது. வானிலையால் நேரம் தள்ளிப்போனது. பிறகு கணினி கடைசி நொடிகளில் நிறுத்தியது. காரணம் கண்டு சரிசெய்து 10 மணிக்கு ஏவினார்கள். மழை மேகத்தைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அப்போலோ 12 சான்று. 1969 நவம்பர் 14 அன்று அது கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை அதை மின்னல் தாக்கியது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது: ஏவும் நாட்களில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை உண்டு. நாள் தள்ளிப்போனால் அவர்களுக்கு இன்னொரு நாள் தொழில் போகிறது. ஒத்திவைப்புக்கு எப்போதும் யாரோ விலை கொடுக்கிறார்கள் என்பதை ஏற்பாட்டாளர் எவரும் மனத்தில் வைக்க வேண்டும்.

மணலி புதுநகர் காற்றைப் படிக்க அருமையான இடம். மோட்டார் ராக்கெட்டை ஏவ முற்றிலும் தகாத இடம். தெற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் எண்ணெய்த் தொட்டிகளும், கிழக்கே எண்ணூர், வடக்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், எங்கு பார்த்தாலும் உயர்அழுத்த மின்கம்பிகள். இங்கே நெருப்போடு எதுவும் மேலே போகக்கூடாது. ஆனால் மூன்று பக்கமும் நிற்கும் புகைபோக்கிகள், சுற்று வட்டாரத்து மக்களின் மூச்சுக்குக் கேடு செய்யும் அதே புகையால், காற்றின் போக்கை எழுதிக் காட்டுகின்றன. விடியற்காலையில் புகை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தட்டையான நாடாவாக நீண்டு கிடந்தால், தரைக்காற்று குளிர்ந்து அடங்கியிருக்கிறது என்று பொருள். வெயில் ஏறியதும் அந்த நாடா உடைந்து புகை தரைக்கு இறங்கும். நண்பகலில் அது பாம்பாக நெளிந்து மேலும் கீழும் போகத் தொடங்கினால், சூடான காற்றுத் தூண்கள் எழுகின்றன. பாராசூட் எங்கே இறங்கும் என்று எவராலும் சொல்லமுடியாத நேரம் அது. மேகமூட்டத்தோடு சீரான காற்று வீசும் நாளில் புகை கூம்பாக விரியும். கையில் பிடிக்கும் காற்றுமானி தலை உயரத்துக் காற்றை மட்டுமே காட்டும். ராக்கெட் போகப்போகும் உயரத்தின் காற்றைப் புகைதான் காட்டுகிறது.

கடற்காற்று வரும் நேரத்தைக் கவனிப்பது இதைவிடவும் சுவையானது. கோடையில் காலை வேளையில் மேற்கிலிருந்து கரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டி கடற்காற்று உள்ளே நுழையும்போது முதலில் எண்ணூர்ப் பக்கத்துப் புகை மேற்கே திரும்பும்; மணலிப் புகை இன்னும் கிழக்கே சாய்ந்திருக்கும். இரண்டு புகைகள் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும் அந்தக் குறுகிய பொழுதில் காற்றுச் சந்திப்பு நகர்ந்து வருகிறது. அதைக் கண்ணால் பார்த்துப் பழகியவர், கருவி எதுவும் சொல்வதற்கு முன்பே கம்பியின் சாய்வை மாற்றிவிடுவார், அல்லது பெட்டியை மூடிவிடுவார்.

வடசென்னையின் ஆண்டை ஏவுநாட்களாகப் பிரித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இப்பகுதியை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஜனவரி தொடக்கத்தில் வாடைக்காற்று இதமானது என்றாலும், போகியையொட்டிய விடியல்களில் புகையும் பனியும் சேர்ந்து பார்வையை மறைக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் பலத்த கடற்காற்றும். வண்டிக்குள் வைத்த மோட்டார் வெயிலில் சூடாகிப் பிறகு குளிர்ந்தால் அதன் மருந்துக்கட்டியில் விரிசல் விழும் ஆபத்தும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கே திருவள்ளூர்ப் பக்கம் கிளம்பும் இடிமழை மாலைகளைத் தின்றுவிடும். அந்த மாதங்களில் சென்னையின் டாப்ளர் ராடார் படங்களை அடிக்கடி பார்ப்பதே ஏற்பாட்டாளரின் முதல் வேலை. பொங்கலுக்குப் பின் மார்ச் நடுப்பகுதி வரை, காலை ஆறரை முதல் ஒன்பது வரை உள்ள பொழுதே உத்தமம்.

உப்புக்காற்று சின்னச் சின்னப் பொருட்களையும் சோதிக்கும். பற்றவைக்கும் மின்கம்பியின் நுனியில் உள்ள குரோக்கடைல் கிளிப்புகள் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும். ஒவ்வொரு முறையும் உப்புத்தாளால் தேய்த்தால்தான் மின்சாரம் ஒழுங்காகப் பாயும். ஈரத்தில் அட்டைக்குழாய் உப்பினால் மூக்குக் கூம்பு இறுகிப் பாராசூட் வெளியே வராது. பிளாஸ்டிக் பாராசூட்டின் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளாமலிருக்க முகப்பவுடர் தூவி மடிப்பது பழைய வழக்கம். கடற்கரையில் ஏவுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: காலையில் மேற்குக் காற்று இருக்கும்போது பாராசூட் கடலை நோக்கித்தான் போகும். மாதிரி ராக்கெட்டுக்கு அது இழப்பு. பெரிய ராக்கெட்டுக்கோ கடலில் விழுவதே பாதுகாப்பு. மாணவர்கள் செய்த 150 பிக்கோ செயற்கைக்கோள்களைச் சுமந்து 2023 பிப்ரவரி 19 அன்று பட்டிப்புலத்திலிருந்து கிளம்பிய ராக்கெட்டும், 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ஏவப்பட்ட ரூமி-1 ராக்கெட்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடலோரத்தைத் தேர்ந்தது இயல்பானது.

வெடிபொருள் சட்டங்களும் வான்வெளி அனுமதியும் மோட்டார் ராக்கெட்டை நிறுவனங்களின் துணையின்றித் தொடமுடியாததாக்குகின்றன, அது நியாயமே. பள்ளிகளுக்கு இருக்கவே இருக்கிறது தண்ணீர் ராக்கெட். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் மூன்று நான்கு மடங்கு வளியழுத்தம், அட்டைத் துடுப்புகள், முகக்கண்ணாடி, சுற்றிலும் கயிறு கட்டிய எல்லை. நெருப்பே இல்லை. காற்றை நோக்கித் திரும்புவது, பாராசூட்டோடு தள்ளிப்போவது, சாய்வைத் திருத்துவது என மேலே சொன்ன அத்தனை பாடமும் இதில் உண்டு. உலக விண்வெளி வாரம் அக்டோபர் 4 முதல் 10 வரை. மழைக்கு முந்திய அந்த நாட்களில் மாலை இடியை எதிர்பார்த்துக் காலையிலேயே முடிப்பது நல்லது.

ஒத்திவைக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும். அவர் அன்று ராக்கெட் ஏவுபவராக இருக்கக்கூடாது. வந்திருக்கும் பெற்றோர், காத்திருக்கும் பிள்ளைகள், வாங்கிய சிற்றுண்டி எல்லாம் சேர்ந்து "ஒரே ஒரு தடவை" என்று நெருக்கும்போது அந்த ஒருவரின் சொல்லே நிற்க வேண்டும். கழகத்தின் குறிப்பேட்டில் ஏவிய நாட்களின் உயரத்தையும் தூரத்தையும் எழுதுவதுபோலவே ஏவாத நாட்களின் காற்றையும் மேகத்தையும் எழுத வேண்டும். சில பருவங்களுக்குப் பிறகு அந்தப் பக்கங்களே அந்த இடத்துக்கான சிறந்த வானிலை நூலாகும். மணலி புதுநகர்ப் பள்ளி ஒன்று தண்ணீர் ராக்கெட்டோடு இதைத் தொடங்க நினைத்தால், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலையைக் குறிக்கட்டும். அழைப்பிதழிலேயே அடுத்த சனிக்கிழமையையும் மாற்று நாளாக அச்சிட்டுவிடட்டும்.