கண்டறிந்த பிறகு?

அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. ஆனால் அந்நோயால் இறக்கும் விகிதம் அவர்களிடம் சுமார் 40 சதவீதம் அதிகம். இத்தகைய பாகுபாட்டை மருத்துவத் தொழில்முனைவோர் தங்கள் கருவிகளாலும் செயலிகளாலும் தீர்த்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை இந்தியாவிலும் பரவியிருக்கிறது. அந்த நம்பிக்கை நிக்கோபாரில் செல்லுபடியாகுமா என்று பார்ப்பதே சரியான சோதனை.

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. பழங்குடியினர் 28,530 பேர்; அவர்களில் மிகப் பெரும்பாலோர் நிக்கோபாரிகள். கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் தேவையென்றால் கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கும் முடியாதென்றால் 'மெயின்லேண்ட்': சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிவிட்டால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் கதிர்வீச்சு, அதன்பின் உள்கதிர்வீச்சு. அத்தனை நாளும் துணைக்கு ஒருவரோடு சென்னையில் அறை எடுத்துத் தங்கியாக வேண்டும்.

கச்சால் தீவில் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேற்றப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் பக்கத்து நிக்கோபாரிகளுக்கும் கடல் ஒன்றுதான், தொலைவும் ஒன்றுதான். ஆனால் சென்னை வந்து இறங்கினால் தமிழ்ப் பெண் தன் வலியைத் தன் மொழியிலேயே நர்ஸிடம் சொல்லிவிடலாம். நிக்கோபாரிப் பெண்ணுக்கு அந்த வழியும் இல்லை. தூரத்தால் வரும் குறை வேறு, இனத்தால் கூடும் குறை வேறு என்பது இங்கே கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

இப்போது கருவிகளுக்கு வருவோம். 2016இல் பெங்களூரில் தொடங்கிய நிராமை நிறுவனம், மார்பகத்தின் வெப்பப் படத்தைச் செயற்கை நுண்ணறிவால் அலசுகிறது. தொட வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, எளிதில் எடுத்துச் செல்லலாம். இவை மெய்யான நன்மைகள். ஆனால் வெப்பப் படம் மேமோகிராமுக்கு மாற்று ஆகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. நிராமையின் அலசல் முறை பழைய வெப்பப் படத்தைவிடக் கூர்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அதனால் இறப்பு குறைந்தது என்று காட்டும் பெரிய ஆய்வு இன்னும் வரவில்லை.

இறப்பு குறைந்ததற்கான சான்று எளிய முறைகளுக்குத்தான் இருக்கிறது; அதில் ஒன்று திண்டுக்கல்லில் கிடைத்தது. அங்கே பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரிந்தால், தகுந்தவர்களுக்கு உறைநிலைச் சிகிச்சையையும் அவர்களே கொடுத்தார்கள். 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவு: கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறப்பு 35 சதவீதம் குறைவு. மும்பையில் 1998 முதல் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் கையால் மார்பகத்தைச் சோதித்தார்கள். ஒட்டுமொத்த இறப்புக் குறைவு உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனால் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் அது சுமார் 30 சதவீதம். இரண்டிலும் வென்றது பெண்களைத் தேடிப் போன பணியாளரும், கண்டறிந்ததும் காத்திருந்த சிகிச்சையும்தான்.

நிக்கோபாருக்கே உரிய ஒரு செய்தியை இந்த விவாதங்களில் யாரும் எடுப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. போர்ட் பிளேரிலுள்ள ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மையம் நிக்கோபாரிகளிடம் நடத்திய ஆய்வில், ஐந்தில் ஒருவருக்கும் மேல் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. ஈரல் புற்றுநோய்க்கு முதன்மையான காரணங்களில் ஒன்று அது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஒரு ஊசியும், தொடர்ந்து வரும் தவணைகளும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறைந்துபோனால் பயனில்லை. புயல் காலத்தில் கப்பல் நின்றாலும் பிரசவம் நடக்கும் தீவில் ஊசி கைவசம் இருக்கிறதா என்பதுதான் இங்கே புற்றுநோய்க் கேள்வி. இதில் லாபம் பார்க்க வழியில்லை. முதலீட்டாளர் திரும்பிப் பார்க்காததற்கு வேறு காரணம் வேண்டாம்.

பணமும் பெரிய பெயர்களும் சேர்ந்தாலே நிலைத்துவிடும் என்றும் இல்லை. சிறிய ஊர்களுக்கே புற்றுநோய்ச் சிகிச்சையைக் கொண்டுபோக 2020இல் தொடங்கியது கார்கினோஸ். எண்ணம் மிக நல்லது. டாடா, ரிலையன்ஸ் குழுமங்களின் முதலீடும் இருந்தது. நான்கே ஆண்டுகளில் திவால் நடவடிக்கைக்குப் போய், 2024 டிசம்பரில் 375 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸிடமே வந்து சேர்ந்தது. பெரிய நகரத்தில் ஒரு நிறுவனம் தடுமாறினால் நோயாளி அடுத்த தெருவுக்குப் போவார். நிக்கோபாரின் கமோர்ட்டா தீவில் எங்கே போவார்?

தொழில்முனைவோருக்கு இங்கே இடமில்லை என்று சொல்லவில்லை. பேட்டரியில் இயங்கி, வெண்திட்டு தெரிந்த அன்றே அதைச் சுட்டு அகற்றும் கையடக்கக் கருவி இப்போது உண்டு. 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. திண்டுக்கல் முறைக்கு அது பொருத்தமான துணை. 2020இல் சென்னையிலிருந்து வந்த கடலடிக் கேபிள் கார் நிக்கோபார், கமோர்ட்டா வரை எட்டியிருக்கிறது. திசு மாதிரியின் படத்தைச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவருக்கு அன்றே காட்ட அது உதவும்.

ஆகவே என் முடிவு இது. இருபத்தெட்டாயிரம் பேர் ஒரு சந்தை ஆகமாட்டார்கள். அவர்களைச் சந்தையாகக் கருதும் எந்தத் திட்டமும் நிக்கோபாரில் தோற்கும். நிக்கோபாரி மொழி பேசும் நர்ஸ், 'கேப்டன்' எனப்படும் ஊர்த் தலைவரின் இசைவு, குளிர்பெட்டியில் ஊசி, மெயின்லேண்டில் துணைக்கு ஆளும் தங்க இடமும்: இவற்றுக்கு அரசு நிலையான செலவு ஒதுக்க வேண்டும். நிறுவனங்கள் அந்த ஏற்பாட்டுக்குள் ஒப்பந்தத்தில் வரட்டும். சிகிச்சைக்கு வழி காட்டாமல் நோயை மட்டும் கண்டறிந்து சொல்லும் கருவியைத் தீவு நிர்வாகம் வாங்கக் கூடாது.