எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய்

'ஆனந்த விகடன்' - எத்தனை எழுத்து? எண்ணிப் பாருங்கள், எட்டு. எழுத்துக்கு இருபத்தைந்து வீதம் இருநூறு ரூபாய் கொடுத்து 1928-ல் எஸ்.எஸ்.வாசன் அந்தப் பெயரை வாங்கினார் என்று சொல்வார்கள். பூதூர் வைத்தியநாதையர் 1926-ல் ஆரம்பித்த பத்திரிகை அது. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். இதைவிட மலிவாக யாரும் 'குட்வில்' வாங்கியதாகத் தெரியவில்லை.

வாங்கிய வாசன் என்ன செய்தார்? சிறுகதை, தொடர்கதை, ஜோக், குறுக்கெழுத்துப் போட்டி, தலையங்கம் என்று எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாறினார். கல்கி எழுதினார், மாலி படம் போட்டார். பிறகு கொத்தமங்கலம் சுப்பு, கோபுலு என்று வரிசையாக வந்தார்கள். வீட்டுக்கு ஒரு பிரதிதான். தாத்தா படித்து வைத்ததை மருமகள் எடுப்பாள், அவள் கையிலிருந்து பையன் பிடுங்குவான்.

1966-ல் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது அத்தனை ரகளை கிளம்பியதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி மோசம்போன மகளை, தாயே தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிற கதை. இலக்கியச் சிற்றிதழில் வந்திருந்தால் நானூறு பேர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இது அம்மாவும் மகளும் ஒரே பிரதியில் படித்த கதை!

சரி, குடும்பப் பத்திரிகை என்கிறோமே, எந்தக் குடும்பம்? அங்கேதான் எனக்குச் சண்டை. ஜோக்கில் வரும் மாமி புருஷனை "ஏன்னா" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் கம்பத்துத் தெருவில் 'ஏன்னா' போட ஆளே கிடையாது. திராட்சைக்கு மருந்தடிக்கிற வீட்டிலும், ஏலக்காய்க்கு மலையேறுகிற வீட்டிலும் வாரம் தவறாமல் படித்தோம். ஏதோ அடுத்த வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியே பார்க்கிற மாதிரி!

2001-ல் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' தொடராக வந்தது. வைகை அணைக்காகக் காலிசெய்யப்பட்ட ஊர்களின் கதை. எழுதிய வைரமுத்துவே அப்படி மூழ்கிய ஊரில் பிறந்தவர். அப்போது நான் கல்லூரி மாணவன். எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் வாசிப்பேன்.

முதல் வாரமே நிறுத்தச் சொன்னாள். "யய்யா, இது நம்ம சனம் பேசுற பேச்சுல்ல? மெட்ராசுப் பொஸ்தகத்துல எப்பிடிப் போட்டாக?"

நான் என்ன பதில் சொல்ல? பத்திரிகை ஆரம்பித்து எழுபத்தைந்து வருஷமாகியிருந்தது.

தொடரில் அழுகை கொஞ்சம் தூக்கல்தான், வர்ணனையும் சில இடங்களில் மேடையேறிப் பேசும். 2003-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது, அதை விமர்சகர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அப்பத்தாவைப் பொறுத்தவரை, பார்த்துக்கொண்டிருந்த கல்யாணத்துக்கு அன்றைக்குத்தான் அவளுக்குப் பத்திரிகை வந்தது.

ஆனால் வேடிக்கை பாருங்கள். அதற்குள்ளேயே குடும்பம் தனிக்குடித்தனம் போக ஆரம்பித்துவிட்டது. அரசியலுக்கு ஜூனியர் விகடன் 1983-லேயே வந்தாச்சு. பெண்களுக்கு 1998-ல் அவள் விகடன், பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் சுட்டி விகடன், விவசாயிக்கு 2007-ல் பசுமை விகடன். வியாபாரமாகப் பார்த்தால் குற்றம் சொல்லவே முடியாது. யாருக்கு எது வேண்டுமோ அதைத் தனியாகப் பொட்டலம் கட்டு என்றுதான் எனக்கும் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். பசுமை விகடனால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலன் அடைந்ததும் நிஜம். ஆனால் பொட்டலம் கட்டுகிறவனுக்கு அப்பத்தாவை எந்தப் பொட்டலத்தில் போடுவது என்று தெரியாது. எழுத்து தெரியாதவளை வாசகி என்று எந்த சர்வேயில் சேர்ப்பான்?

அவளோ தொடர் முடிந்ததும் என்னை எழுந்திருக்க விடமாட்டாள். "அந்த சினிமாக்காரி என்ன சொல்லியிருக்கா, அதையும் வாசி."